ஆற்றுக்கு நாலு விரல்

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. கடல் இருக்கிறது, கிணறு இருக்கிறது, ஐப்பசி மழைக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆறு என்ற ஒன்றை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக, பாலத்துக்குக் கீழே. அதிலும் பெரும்பாலும் மணல்தான் கிடக்கும். அப்படிப்பட்ட நான் ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு ஆறுகளைப் பற்றிக் கவலைப்பட்டேன். ஒன்று ஈராக்கில், பஸ்ராவில் ஓடுவது. இன்னொன்று அமெரிக்காவில், அதுவும் இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவில். இரண்டையும் இன்றுவரை நான் பார்த்ததில்லை.

கவலை எனக்குப் புதிது இல்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போகிற ஆள் நான். வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பேன். தீப்பிடித்தால் எடுத்துக்கொண்டு ஓட வசதியாக இருக்கும் என்பது என் கணக்கு. "தீப்பிடிச்சா முதல்ல புள்ளையத் தூக்குவீங்களா, பையத் தூக்குவீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அதற்கும் நான் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். படித்தவர்கள் ஒரு ஆபத்து வந்தால் அது எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்துவிட்டுக் கவலைப்படுவார்கள் போல. எனக்கு அளவுகோல் கிடையாது. எது வந்தாலும் முழுசாகவே வரும்.

அப்போது துபாயில், தேரா பகுதியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பழைய ஃபிரிட்ஜ், பழைய ஏசி, வாஷிங் மிஷின். இங்கே வீடு மாறுகிறவர்கள் கழித்துவிடுவதை வாங்கி, கேஸ் ஏற்றி, துடைத்து, கிரீக் என்கிற உப்பங்கழியின் கரைக்குக் கொண்டுபோய் லாஞ்சுகளில் ஏற்றுவது. லாஞ்சு என்றால் மரத்தால் கட்டிய, மோட்டார் வைத்த பெரிய படகு. அவை வரிசையாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு கரையில் நிற்கும். ஈரானுக்கு, சோமாலியாவுக்கு, ஏமனுக்கு என்று எங்கெங்கோ போகும். டயர், டீத்தூள், பிஸ்கட், சோபா எல்லாம் ரோட்டோரத்தில் அம்பாரமாகக் கிடக்கும். காவலுக்கு ஆள் கிடையாது. யாரும் தொடவும் மாட்டார்கள். அதைப் பார்த்தும் எனக்கு மனசு ஆறாது. தினமும் ஒருமுறை போய் என் ஃபிரிட்ஜுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

ஈராக்கில் சண்டை ஓய்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பல வருஷமாக எதுவும் வாங்க முடியாமல் கிடந்த ஜனங்களுக்கு எல்லாமே தேவைப்பட்டது. லாஞ்சுகள் பஸ்ரா பக்கம் முகத்தைத் திருப்பின. கடலின் வடக்கு முனைவரை போய், அங்கே கடலில் கலக்கிற பெரிய ஆற்றுக்குள் நுழைந்து, ஆற்றோடு மேலே ஏறிப் போக வேண்டும். போய்வந்தவர்கள் நல்ல வியாபாரம் என்றார்கள். ஆற்றுக்குள் சுடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். முதலாவது என் மச்சினனின் காதில் விழுந்தது. இரண்டாவது என் காதில் விழுந்தது.

மச்சினன் என் மனைவிக்குத் தம்பி. எங்களோடுதான் இருந்தான், என் கடையில்தான் வேலை. அதற்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பலில் கொஞ்ச காலம் இருந்தவன். சமையல்கட்டில். கப்பல் வேலைக்கான அடையாள அட்டை கையில் இருந்ததால் லாஞ்சில் கலாசியாக, அதாவது படகு வேலையாளாக, பேர் எழுதிக்கொள்ள முடிந்தது. பஸ்ராவில் சரக்கை எடுக்கிற வியாபாரி, கூடவே நம் ஆள் ஒருவர் வந்தால்தான் தோதாக இருக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் வேண்டாம் என்பதற்கு என்னென்ன காரணம் உண்டோ எல்லாவற்றையும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லி முடித்தேன்.

"மச்சான், நீங்க சொல்றதப் பாத்தா நான் கட்டில்ல படுத்திரிக்கவும் கூடாது. ஃபேன் கழண்டு விழும்" என்றான்.

"கப்பல் வேலைன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷம் கப்பல்ல இரிந்தவன் நான்."

"வெங்காயம் உரிச்ச" என்றாள் அவன் லாத்தா, அதாவது என் மனைவி. ஆனால் அவள்தான் கடைசியில், "போயிட்டு வரட்டும். எத்தனை நாளைக்கு உங்க கடையில தொடச்சிக்கிட்டே இரிப்பான்?" என்று முடித்தாள். அவனுக்குத் தனியாக வியாபாரி ஆகவேண்டும் என்று ஆசை. சேர்த்து வைத்ததைப் போட்டு, என் சரக்கோடு சேர்த்து அவன் பேரில் கொஞ்சம் ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தான். வாழ்க்கையில் அவனுடைய முதல் சொந்தச் சரக்கு.

லாஞ்சு ஏற்றிய அன்று நடந்ததை நான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாகுதா, அதாவது லாஞ்சின் தலைவர், குஜராத்தில் கட்ச் பக்கத்து மனிதர். மருதாணி போட்ட தாடி. அதிகம் பேச மாட்டார். படகின் பக்கவாட்டில், தண்ணீருக்குச் சற்று மேலே, வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இருக்கும். சரக்கு ஏற ஏறப் படகு இறங்கும். கோட்டைத் தண்ணீர் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். அது கிரீக்கில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும்போதே அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"பஸ், கலாஸ்." போதும், முடிந்தது.

மச்சினனின் ஃபிரிட்ஜுகள் இன்னும் கரையில் நின்றன.

"பாய், கோடு இன்னும் நனையவே இல்லையே" என்று அவன் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான்.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. வடக்கே பார்த்து, "நதி ஹை பாய். நதி" என்றார். ஆறு, தம்பி, ஆறு. அவ்வளவுதான். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது, பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

நானும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு என்றால் என்ன? கடலைவிடச் சின்னது. அலை இருக்காது. அலை இல்லாத இடத்துக்குக் குறைவாக ஏற்றுவானேன்? கடற்கரையில் பிறந்த எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை. பழைய மனிதர், பயப்படுகிறார் என்று அவன் முடிவு செய்தான். பயப்படுகிற ஒருவரைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது. ஆனால் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்கும் விளங்கவில்லை. மச்சினன் கலாசிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, யல்லா யல்லா என்று தன் ஃபிரிட்ஜுகளை மேல்தட்டில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான். கோட்டைத் தண்ணீர் தொட்டது. தொட்டதே தவிர மீறவில்லை.

நாகுதா திரும்பி வந்து பார்த்தார். கோபப்படவில்லை. நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். "மேலே இருக்கிறது உன் சரக்கு. ஏதாவது ஆனால் முதலில் போவதும் உன் சரக்கு. அச்சா?" என்று இந்தியில் கேட்டார். மச்சினன் சிரித்துக்கொண்டே "அச்சா" என்றான்.

மறுநாள் காலையில் லாஞ்சு கிளம்பியது. நான் துப்பாக்கியை நினைத்துக் கவலைப்பட்டேன். கடல் கொள்ளையர்களை நினைத்து, குளிர்காலத்து வடகாற்றை நினைத்து, அவன் சூட்டு உடம்பை நினைத்துக் கவலைப்பட்டேன். கோட்டை மட்டும் நினைக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். இந்தியப் பள்ளியில் இடம் கிடைக்காமல், பக்கத்தில் அமெரிக்கப் பாடத்திட்டம் என்று போர்டு போட்ட ஒரு பள்ளியில் சேர்த்திருந்தோம். இவள் நம்ம ஊர் சரித்திரம் தெரியாமல் வளர்கிறாளே என்பது என்னுடைய பல கவலைகளில் ஒன்று. அந்த வாரம் ஒரு புராஜெக்ட் கொண்டுவந்தாள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் உள்நாட்டுக் காட்டு எல்லையில் இருந்தவர்கள் எப்படி வியாபாரம் செய்தார்கள், சரக்கை எப்படி ஆற்றில் கொண்டுபோனார்கள் என்று சார்ட் எழுத வேண்டும். ஒரு படகும் செய்து காட்ட வேண்டும்.

"வாப்பா, நீங்கதான் ஹெல்ப் பண்ணணும். உங்களுக்குத்தானே போட் எல்லாம் தெரியும்" என்றாள். வாழ்நாளில் ஒருவர் என்னிடம் படிப்புக்கு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஏசி வந்த மரப்பெட்டியை உடைத்துப் பலகை கொண்டுவந்தேன்.

அந்தக் காலத்துப் படகு பார்க்க அழகாகவே இல்லை. படத்தில் அது ஒரு பெட்டி. அடிப்பக்கம் தட்டை, நாலு பக்கமும் நேர்ப்பலகை, நடுவில் ஒரு குடிசை, பின்னால் திருப்புவதற்கு நீளமாக ஒரு துடுப்பு. மோட்டாரும் இல்லை, பாயும் இல்லை. ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் விளைந்ததை எல்லாம் இதில் ஏற்றித் தண்ணீர் போகிற போக்கில் விட்டுவிடுவார்களாம். ஒஹையோ என்கிற ஆறு, அது போய் மிசிசிப்பியில் விழும், மிசிசிப்பி போய்க் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலில் விழும். வாரக்கணக்கில் மிதந்துகொண்டே போவார்கள். நடுவில் மணல்திட்டு. தண்ணீருக்கடியில் வேரோடு சாய்ந்து கிடக்கும் மரங்கள். ஒரு மரம் குத்தினால் போதும்.

"மாமா போற ஆத்துலயும் மரம் இரிக்குமா வாப்பா?"

"அங்க கப்பல் இரிக்காம். சண்டையில முங்கினது."

"அய்யோ. அது மரத்தவிடப் பெருசுல்ல?"

சுத்தியல் தப்பியது. ஆணியை விட்டு விரலில் அடித்துக்கொண்டேன்.

படகுக்குள் என்ன சரக்கு வைப்பது என்று அடுத்த கேள்வி. புத்தகத்தைப் பார்த்து அவள் வாசித்தாள்: பீப்பாயில் மாவு, பீப்பாயில் விஸ்கி, உப்புப் போட்ட பன்றி இறைச்சி.

சமையலறையிலிருந்து அவள் உம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன என்ன? திருப்பிச் சொல்லு."

மகள் திருப்பிச் சொன்னாள்.

"மூணுல ரெண்டு ஹராம். மாவ மட்டும் ஏத்து."

"உம்மா, இது ஹிஸ்டரி!"

"ஹிஸ்டரிய ஸ்கூல்ல வச்சிக்க. இந்த வீட்டு அலமாரியில அந்தப் படகு நிக்கப் போவுதுல்ல?"

ஆகவே எங்கள் படகு மாவு மட்டும் ஏற்றியது. பழைய சட்டைத் துணியில் சின்னச் சின்ன மூட்டை தைத்து, நிஜமான கோதுமை மாவையே அடைத்துக் கொடுத்தாள் என் மனைவி. அது தவறாகிவிடாதா, டீச்சர் மார்க்கைக் குறைக்க மாட்டாரா என்று நான் கேட்டேன். "எல்லாப் படகும் எல்லாத்தையுமா ஏத்தியிரிக்கும்? ஒரு நல்ல மனுசன் இரிந்திரிக்க மாட்டானா அமெரிக்காவுல?" என்றாள்.

புத்தகத்தில் எனக்கு உறுத்தியது வேறு ஒரு விஷயம். கீழே போன படகு எப்படி மேலே வரும்? மோட்டார் இல்லை. ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது. மகளிடம் கேட்டேன். அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள்: வராது. நியூ ஆர்லியன்ஸில் சரக்கை விற்றதும் படகையும் பிரித்துப் பலகையாக விற்றுவிடுவார்கள். அந்தப் பலகையில் அங்கே வீடு கட்டுவார்கள், நடைபாதை போடுவார்கள்.

"அப்ப ஆளு?"

"நடந்து வருவாங்க. காட்டு வழியா. அந்த வழியில திருடங்க இரிப்பாங்க, வாப்பா. வித்த காசு கையில இரிக்கும்னு தெரியும்ல அவங்களுக்கு."

வேறு வகைப் படகும் உண்டு என்றாள். ஒடுக்கமானது, கரையிலிருந்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும், கழியை ஊன்றித் தள்ளியும் அதை மேலே கொண்டுவருவார்களாம். மாதக்கணக்கு ஆகும். எனக்கு அந்த நடந்து வந்தவர்கள்தான் மனதில் நின்றார்கள். அவர்கள் வீட்டிலும் என்னைப்போல் ஒருவன் இருந்திருப்பான். போனவன் நடந்துகொண்டிருக்கிறானா, இல்லையா என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு. அவனைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

படகு தயாரானதும் பாத்ரூமில் பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து மிதக்க விட்டோம். மிதந்தது. ஆனால் மூட்டைகளை அடுக்கியதும் தாழ்ந்து, விளிம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மூட்டையைக் குறை என்றேன். மகள் மாட்டேன் என்றாள். தைத்த மூட்டை எல்லாம் ஏற வேண்டும்.

"உம்மா, உப்பு குடுங்க. பாக்கெட்டோட."

"எதுக்குடி?"

"உப்புத் தண்ணில போட் மேல நிக்கும். சயின்ஸ்ல பாத்தோம்."

"ஒரு பேசின் தண்ணிக்கு என் வீட்டு உப்பு காணாது. வேணும்னா முட்டையில காட்டு" என்று ஒரு கண்ணாடி ஜாடியையும் முட்டையையும் கொடுத்தாள்.

மகள் ஜாடியில் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்தாள். முட்டையை விட்டாள். மிதந்தது, தலை வெளியே தெரிந்தது. இதில் என்ன அதிசயம், ஊறுகாய்க்கு உப்பு போதுமா என்று எங்கள் ஊரில் பெண்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று நான் சொல்லப்போனேன். அதற்குள் அவள் குழாய்த் தண்ணீரை ஜாடியில் மெல்ல ஊற்றிக் கலக்கினாள். ஊற்ற ஊற்ற முட்டையின் தலை உள்ளே போனது. பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், அடியில் போய் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? ஸீ வாட்டர்னா தூக்கும். ரிவர் வாட்டர்னா அவ்வளவு தூக்காது."

நான் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நதி ஹை பாய், நதி. அந்த மனிதர் வடக்கே பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிரீக்கின் உப்புத் தண்ணீரில் கோட்டைத் தொட்டு நின்ற படகு, ஆற்று நீருக்குள் போனதும் இன்னும் இறங்கும். அந்த இறக்கத்துக்காக வைத்த நாலு விரல் அது. அந்த நாலு விரலில்தான் மச்சினன் தன் ஃபிரிட்ஜுகளை ஏற்றியிருந்தான். கீழே சேறு, முங்கிக் கிடக்கும் கப்பல்கள்.

மனைவியிடம் சொன்னேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவள் அதைத் தட்டிவிட ஒரு வார்த்தை வைத்திருப்பாள். அன்று இல்லை. ஜாடியில் கையை விட்டு முட்டையை எடுத்தாள். சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தாள். அது வெந்து முடியும்வரை அங்கேயே நின்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் பயப்படுவதற்கு ஒரு ஆள் போதும். அவளும் வந்துவிட்டால் தாங்காது.

மச்சினனின் மொபைல் போன் துபாய் தாண்டியதும் செத்துவிட்டது. கிரீக்கில் செய்தி தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. வடக்கேயிருந்து திரும்பி வருகிற லாஞ்சு ஒவ்வொன்றிடமும் போய்க் கேட்பது. அவர்கள் வழியில் கண்ட படகை எல்லாம் ஞாபகம் வைத்திருப்பார்கள். நாம் கேட்காமலே சில பேர் கரையில் நிற்பவர்களிடம் கூவிச் சொல்வார்கள். காலையில் கடையைத் திறக்கும் முன்னே போய் நிற்பேன். ஒவ்வொரு படகாக, படகின் பேரைச் சொல்லி, "தேகா?" என்று கேட்பேன். பார்த்தீர்களா?

பல பேர் பார்க்கவில்லை. ஒருவர், ஆற்று வாயில் உள்ளே நுழைந்ததைப் பார்த்தேன் என்றார். அப்புறம் ஒரு காலை, பேரீச்சம்பழம் ஏற்றி வந்த லாஞ்சின் கலாசி ஒருவன், மேல்தட்டில் பல் விளக்கிக்கொண்டே, கையைச் சாய்த்துக் காட்டினான். சேற்றில் உட்கார்ந்துவிட்டது, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

"ஆட்கள்?"

"தண்ணி எறங்கியிரிந்திச்சு. மேல ஆள் நடமாட்டம் இரிந்த மாதிரிதான் தெரிஞ்சிச்சு, பாய். நாங்க நிக்கல. அங்க யாரும் நிக்க மாட்டாங்க" என்றான். இந்தியில்தான் சொன்னான், எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து போன் போடுவார்கள். என்ன சொல்வது என்று நான் ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, "உம்மா, பஸ்ரா ஆத்துல படகு தரை தட்டி நிக்கிதாம். துஆ செய்ங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்தப் பக்கமிருந்து மாமியார், "தண்ணி வந்தா எந்திரிக்கும்ல?" என்று கேட்டார்கள். அவர்கள் படகோட்டிகள் தெருவில் பிறந்தவர்கள்.

மகளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "வாப்பா, இங்கயும் அப்படித்தான். மணல்ல மாட்டினா, சின்னப் படகு கொண்டாந்து கொஞ்சம் சரக்க எறக்கிடுவாங்க. இல்லாட்டி ஆத்துல தண்ணி ஏறுற வரைக்கும் வெயிட் பண்ணுவாங்க. கரையில இரிக்கிற ஆளுங்களுக்கு அங்கயே வித்திடுவாங்க. கடை மாதிரி." அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் தொழுதுவிட்டு, கை ஏந்தும்போது எல்லாம், என் மனதில் வந்தது பஸ்ரா இல்லை. எனக்குத் தெரியாத ஒரு அமெரிக்க ஆறும், அதில் மணலில் உட்கார்ந்த ஒரு பெட்டிப் படகும்தான். படத்தில் பார்த்தது அதைத்தானே.

லாஞ்சு வந்த அன்று நான் வேறு ஒரு படகிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "மச்சான், யாரத் தேடுறீங்க?" என்று குரல் கேட்டது.

தாடி வளர்ந்து, கறுத்து, டீசல் வாடையோடு நின்றான். தோளில் ஒரு பேரீச்சம்பழ மூட்டை. நான் முதலில் அவனைப் பார்க்கவில்லை; அவனுக்குப் பின்னால் நின்ற லாஞ்சின் கோட்டைத்தான் பார்த்தேன். காலிப் படகு, கோடு எங்கேயோ உயரத்தில் காய்ந்து கிடந்தது. அப்புறம்தான் அவன் தோளைப் பிடித்தேன்.

"அழுவாதீங்க. ஆளுங்க பாக்குறாங்க."

வீட்டில் உட்கார்ந்து, சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றி ஊற்றித் தின்றுகொண்டே சொன்னான். ஆற்று வாயில் நுழைந்தபோது ஒன்றும் தெரியவில்லையாம். மேலே போகப் போக நாகுதா பக்கப்பலகை வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரின் நிறம் மாறியது. இரு கரையிலும் பேரீச்ச மரங்கள், நிறைய மரத்துக்குத் தலை இல்லை, பழைய சண்டையில் போனது. நடு ஆற்றில் முங்கின கப்பலின் கொடிமரக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் பறவைகள் வரிசையாக. அதைச் சுற்றிக்கொண்டு போகும்போது அடியில் மெத்தென்று ஒன்று பிடித்தது. அவ்வளவுதான். தண்ணீர் வற்றும் நேரம். படகு மெல்லச் சாய்ந்தது.

"நாகுதா ஒண்ணும் திட்டல, மச்சான். மேல கைய நீட்டினாரு. உன் சரக்குன்னு. எறக்குன்னாரு."

"ஆத்துலயா போட்ட?" என்றாள் அவன் லாத்தா.

"போடத்தான் சொன்னாரு. அதுக்குள்ள கரையிலருந்து சின்னச் சின்னத் தோணியில ஜனங்க வந்துட்டாங்க. பொம்பளைங்களும். ஃபிரிட்ஜத் தொறந்து தொறந்து பாக்குறாங்க. ஒரு பொம்பள கதவ நாலு தடவ தொறந்து மூடுச்சு. நானு அரபியில, கரண்ட் இரிக்கான்னு கேட்டேன். மாஃபி, இல்லைன்னு சொன்னாங்க. ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் வருமாம்."

"கரண்ட் இல்லாத ஊர்ல ஃபிரிட்ஜ் எதுக்குடா?"

"மாவு வைக்க. எலி ஏறாதாம்."

என் மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அலமாரியில் மாவு மூட்டைகளோடு நின்ற தன் படகைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

அவர்களிடம் காசு இல்லை. பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், ஒருவர் ஒரு செம்மறி ஆட்டைத் தோணியில் நிறுத்திக் கொண்டுவந்தார். அதைக் கலாசிகள் அங்கேயே அறுத்துச் சமைத்துவிட்டார்கள். மேல்தட்டு காலியாகி, மறுபடி தண்ணீர் ஏறியபோது, முழங்காலில் கையூன்றி எழுகிற வயசாளியைப்போல் லாஞ்சு முனகிக்கொண்டு எழுந்தது என்றான். என் சரக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவனுடையதில் மிஞ்சியது அந்தத் தோள்மூட்டையும், லாஞ்சின் அடியில் இன்னும் சில மூட்டைகளும்.

"முதல் வியாபாரத்துலயே நட்டமா, தம்பி?" என்றாள் என் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. நட்டத்துக்கு இல்லை.

"நட்டம்தான். ஆனா லாத்தா, அந்தக் கரையில கடையே கிடையாது. நாங்க கிளம்பும்போது, அடுத்து எப்ப வருவீங்கன்னு கேட்டாங்க."

அவன் மறுபடி போகப் போகிறான் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

புராஜெக்ட் நல்லபடியாக முடிந்தது. விஸ்கி எங்கே என்று டீச்சர் கேட்டாராம். "இது என் உம்மாவோட போட்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். எப்படித் திரும்பினார்கள் என்ற கேள்விக்கு, நடந்து வந்தார்கள் என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: வீட்டில் இருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அது புத்தகத்தில் இல்லாதது. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

குளிர் முடியும் தறுவாயில் மச்சினன் மறுபடி கிளம்பினான். அதே லாஞ்சு, அதே நாகுதா. இந்த முறை சின்னச் சாமான்கள்: பாத்திரம், செருப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு. நான் சரக்கு ஏறும் நேரம் முழுக்கக் கரையில் குந்தி உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரல் இருக்கும்போது மச்சினனே கையைத் தூக்கினான். நாகுதா என்னைப் பார்த்தார். நான் என் கையைக் கோட்டுக்குக் கீழே வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். அந்த மனிதருக்கும் எனக்கும் நடந்த பேச்சு மொத்தமே அவ்வளவுதான்.

மகள் தன் படகைக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்தாள், கூட இருக்கட்டும் என்று. அதைச் சுக்கான் அறையில் ஆணி அடித்து மாட்டினான்.

அவன் திரும்பி வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுத வேண்டியதில்லை. நாலு விரல் விட்டாகிவிட்டது, இனி பயப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிற ஆளாக நான் மாறிவிடவில்லை. துப்பாக்கி இருக்கிறது, காற்று இருக்கிறது. ஒன்றை எண்ணி வைத்தால் ஆபத்து இன்னொன்றிலிருந்து வரும் என்று இப்போது தெரிந்தும்விட்டது. ஆனால் காலையில் கிரீக்குக்குப் போய் நிற்கிறவர்களில் எனக்கு ஒரு இடம் ஆகிவிட்டது. நான் கேட்கும் முன்னே, "உங்க படகப் பாத்தோம், நல்லா போவுது" என்று கூவுகிறவர்களும் இருந்தார்கள்.

வந்தான். இந்த முறை தாடி இல்லை. ஒழுங்காகச் சவரம் செய்து, சிரித்துக்கொண்டு வந்தான். மகள் முதலில் கேட்டது படகைத்தான்.

அவன் தலையைச் சொறிந்தான். "அந்தக் கரையில ஒரு சின்னப் புள்ள. பாத்துக்கிட்டே நின்னுச்சு. குடுத்துட்டேன், கண்ணு. மாமா உனக்கு வேற செஞ்சு தர்றேன்."

எத்தனை நாள் வேலை, அவள் அழப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பரவால்ல மாமா. அது கரெக்ட்தான்" என்றாள். "அந்தப் படகு திரும்பி வரவே கூடாது. ஆளுதான் வரணும்."